கன்வெர்ட்டர் மட்டும் மாற்றினால் போதாது

கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவை ஆறேழு தடவை பார்த்துவிட்டேன். முதல் மூன்று தடவை உன் வண்டியைப் பார்த்தேன். அப்புறம் பின்னால் மணலில் உட்கார்ந்து தன் செருப்புக்குள் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த என் பேத்தியைப் பார்த்தேன். பதிலைக் குரல் செய்தியாகவே அனுப்பியிருப்பேன். ஆனால் அத்தா பேசுவதை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி உன் அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். இது அந்த வேகத்தில் கேட்கிற விஷயம் இல்லை. அதனால் பட்டறை மேசையில் கிரீஸ் டப்பாக்களை ஒதுக்கிவைத்துவிட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன். சில இடத்தில் கறை பட்டிருக்கும், பொறுத்துக்கொள்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நீ கேட்ட கேள்விக்குப் பதில். இன்னொன்று, உன் ஜாபர் மாமாவைப் பற்றி நான் உன்னிடம் சொன்ன பொய். பதினெட்டு வருஷத்துப் பொய் அது. தொப்பூர் கணவாயில் அவன் லாரியை நியூட்ரலில் போட்டு இறக்கினான் என்று நான் சொன்னேன். அவன் போடவில்லை. இந்த இரண்டு விஷயமும் தனித்தனி என்றுதான் நினைத்திருந்தேன். உன் குரலைக் கேட்ட பிறகுதான் இரண்டும் ஒன்று என்று உறைத்தது. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன். அலுத்துக்கொள்ளாதே.

முதலில் உன் வண்டி. எட்டு சிலிண்டர் பிக்கப் லாரி ஒன்றைப் பழசாக வாங்கி, அதன் என்ஜின் மேல் சூப்பர்சார்ஜரை ஏற்றியிருக்கிறாய். பெல்ட்டில் சுற்றிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற சாமான். அதிகக் காற்று, அதிக பெட்ரோல், அதிக பலம். பாலைவனத்து மணல் மேட்டில் பறக்கிறது என்று பெருமையாக அனுப்பினாய். நானும் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், மறைப்பானேன். இப்போது இரண்டாவது கியர் வழுக்குகிறது, ஆயில் தீய்ந்த வாடை வருகிறது. டார்க் கன்வெர்ட்டரை மாற்றப்போகிறாய், மூன்றில் எதைப் போடுவது என்று கேட்டாய். கன்வெர்ட்டர் என்பது நம் ஊர் லாரியில் கிளட்ச் இருக்கிற இடத்தில், ஆட்டோமேட்டிக் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆயில் நிறைந்த உருண்டை. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதே வேலைதான். காற்றுக்குப் பதில் ஆயில்.

பதிலில் பாதி எனக்குத் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வண்டியாவது இப்போது நம் பட்டறைக்கு வருகிறது. மீதிப் பாதி, பெங்களூரில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி மட்டுமே பிரிக்கிற ஒருவரிடம் போனில் கேட்டது. அவர் கன்னடத்தில் ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். நீ காட்டிய முதல் கன்வெர்ட்டர், மூவாயிரத்து அறுநூறு சுற்று ஏறிய பிறகுதான் வண்டியை அழுத்தித் தள்ளும். உன் ரேஸ்காரச் சிநேகிதன் சொன்னது அதுதானே? அவனுக்கு அது சரி. அவன் வண்டி லேசு, டர்போ வண்டி, காற்று ஏறுவதற்கே நேரம் எடுக்கும். உன்னுடைய சூப்பர்சார்ஜர் ஆக்சிலேட்டரில் காலை வைத்த நொடியிலேயே காற்றை அழுத்துகிற ரகம். உனக்கு எதற்கு அவ்வளவு சுற்று? மணலில் மெதுவாக ஏறும்போதெல்லாம் அந்த உருண்டைக்குள் ஆயில் வெறுமனே கலங்கிக் கலங்கிக் கொதிக்கும். கொதித்த ஆயில்தான் பெட்டியைத் தின்கிறது. கம்பெனியில் வந்ததைப் போலவே இருக்கும் மூன்றாவதும் வேண்டாம். அதற்குள் இருக்கிற ஒற்றைப் பூட்டுத் தகடு உன் என்ஜினைப் பிடித்து நிறுத்தாது, வழுக்கும். நடுவில் காட்டினாயே, இரண்டாயிரத்து அறுநூறு சுற்று, உள்ளே மூன்று தகடு வைத்துப் பூட்டுவது, முன்மூடி கெட்டி இரும்பில் கடைந்தது, அதை எடு. அதைப் பெட்டியில் ஏற்றும்போது கையால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளு. மூன்று தடவை டொக் என்று இறங்க வேண்டும். இரண்டோடு நின்றால் போல்ட்டை முறுக்கிவிடாதே, உள்ளிருக்கும் பம்ப் உடைந்துவிடும்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உன் செய்தியின் கடைசியில் சாதாரணமாக ஒன்று சொன்னாய். "கன்வெர்ட்டர மட்டும் இப்ப மாத்திக்கறேன் அத்தா. உள்ள இருக்கற பிளேட்டு, வால்வு பாடி, கூலரு எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். அடுத்த வெள்ளிக்கெழம இவங்க ரெண்டு பேத்தையும் கூட்டிக்கிட்டு மணலுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். இப்போதைக்கு ஓடும்." நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு ஓடும் என்று நீ சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை இதே பட்டறையில் நின்று நான் சொல்லியிருக்கிறேன். உன் மாமாவிடம்.

அப்போது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். ஜாபர் உன் அம்மாவுக்கு ஒரே தம்பி, ஒரு முதலாளியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல டிரைவர். நான் மெக்கானிக், ஒருவனைச் சும்மா நல்ல டிரைவர் என்று சொல்ல மாட்டேன். அவன் ஓட்டிய வண்டியில் கிளட்ச் பிளேட் மற்றவர்கள் ஓட்டுவதைவிட இரண்டு மடங்கு நாள் வரும். முதலாளிக்கு ஒரு குறை, சேலத்திலிருந்து திரும்பும்போது வண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஊர்ந்துதான் நகர்கிறது, மற்ற வண்டியெல்லாம் முந்திப் போகிறது என்று. அதற்கு நான் வைத்தியம் பார்த்தேன். டீசல் பம்ப்பைத் திறந்து அளவைக் கூட்டினேன். நீ இப்போது காற்றைத் திணித்துச் செய்வதை நான் டீசலைத் திணித்துச் செய்தேன். லாரி கரும்புகை கக்கிக்கொண்டு, இரண்டாவதில் ஏறிய ஏற்றத்தை மூன்றாவதில் ஏறியது. முதலாளி கை குலுக்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. மேலே இவ்வளவு பலத்தை ஏற்றினோமே, கீழே இருக்கிற கியர் பெட்டி தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று மாதத்தில் மூன்றாவது கியர் கத்த ஆரம்பித்தது. பெட்டியைப் பிரித்தேன். கியரின் பற்கள் மழுங்கியிருந்தன. கியரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்லீவ் என்ற வளையம் இருக்கிறதல்லவா, அதன் பற்களும் மழுங்கியிருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வளையம் மழுங்கினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடும். புது கியர் கிடைத்தது, ஸ்லீவ் கிடைக்கவில்லை. நாலு நாள் ஆகும் என்றார்கள். பெருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நம் பட்டறைப் பழக்கம் உனக்குத் தெரியும். பெருநாளுக்கு முந்தின நாள் ஒரு வண்டிகூடப் பிரித்துப்போட்ட நிலையில் கிடக்கக் கூடாது. எல்லாவற்றையும் பூட்டி வெளியே அனுப்பிவிட்டு, தரையை டீசல் விட்டுத் துடைத்துக் கழுவி, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவோம். அதில் எனக்கொரு வறட்டுக் கௌரவம். அந்த ஒரு லாரிக்காகப் பட்டறை அழுக்காகக் கிடப்பதா என்று, பழைய ஸ்லீவின் பல் முனைகளை கிரைண்டரில் தீட்டி, ஒரு புது ஸ்பிரிங் போட்டு, பெட்டியை மூடினேன்.

ஜாபர் நல்லம்பள்ளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். என்ஜினை நிறுத்தாமலே இறங்கி வந்து சொன்னான், "மச்சான், காலெடுத்தா மூணாவது வெளிய தள்ற மாதிரி இருக்குதுங்க." அவன் சரியாகத்தான் சொல்கிறான் என்று தெரியும். தரையைக் கழுவத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். "புது கியருடா. போவப் போவ கடிச்சு உக்காந்துரும். எறக்கத்துல கையால அழுத்திப் புடிச்சுக்க. இப்போதைக்கு ஓடும்" என்றேன். அவன் போய் என்ஜினை நிறுத்தினான். நான் அக்கா வீட்டுக்காரர், அதோடு மெக்கானிக். மறு பேச்சு எப்படிப் பேசுவான்?

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், ஏரியூரில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனான். பகல் பதினோரு மணி. கணவாய் இறக்கத்தில் கியர் வெளியே வந்துவிட்டது. அவ்வளவு பாரத்தோடு உருண்டுகொண்டிருக்கிற லாரியில் மறுபடி கியரைப் போட முடியாது. என்ஜின் பிடிப்பும் இல்லாமல், பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து அதுவும் சூடேறிப் பிடிக்காமல் போனது. முன்னால் ஒரு டவுன் பஸ் நிறைய ஜனம். ஜாபர் வண்டியை மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோத விட்டான். பஸ்ஸில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "நான் போடல மச்சான். தானா வந்துருச்சு." நான் சொன்னேன், "சரி சரி, பேசாத."

லாரியை நம் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். லீவர் நியூட்ரலில் இருந்தது, இல்லாமல் என்ன செய்யும்? முதலாளி எட்டிப் பார்த்து, "நியூட்ரல்லயா கெடக்குது?" என்றார். "ஆமாங்க, நியூட்ரல்லதான் இருக்குதுங்க" என்றேன். அந்த ஒரு வரியில் பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. டீசல் மிச்சமாகும் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. கணவாய் ஆரம்பிக்கும் இடத்தில் அப்படிச் செய்யாதே என்று போர்டு வைத்திருப்பதே அதற்காகத்தானே. ஜாபரும் இளவட்டமாக இருந்தபோது ஓரிரு தடவை விட்டிருக்கிறான், அதற்கு உன் அம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். அதனால் எல்லோரும் உடனே நம்பினார்கள். மறுநாள் நான் மட்டும் தனியாகப் பெட்டியைப் பிரித்தேன். தீட்டிய ஸ்லீவின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. அதை எடுத்துக் காயலான் சாமான்களுக்கு அடியில் போட்டேன். கண்ணு, பொய் என்று ஒன்றை நான் சொன்னது அந்த நிமிஷத்தில்தான். வாயைத் திறக்கவே இல்லை.

வாயைத் திறந்து சொன்னது உன்னிடம். ஒரு மாதம் கழித்து நீ கேட்டாய், "மாமா என்னாத்துக்கு அத்தா நியூட்ரல்ல போட்டாரு?" என்று. "டீசல் மிச்சம் புடிக்கத்தான். சில பேரத் திருத்த முடியாது" என்றேன். ஊருக்கு முன்னால் தலையாட்டியது கோழைத்தனம். உன்னிடம் சொன்னது அதைவிடக் கீழ்த்தரம். நீ என்னை நம்புகிற பிள்ளை, என் பட்டறையில் வளர்ந்த பிள்ளை. கியர் விஷயத்தில் அத்தா சொன்னால் அதற்கு மேல் உனக்கு யார்? பெட்டியைப் பிரித்துப் பார்த்தவனே சொல்கிறான் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். இதைக் கேட்ட பிறகு என் பேச்சை நீ எவ்வளவு மதிப்பாய் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உன் பெட்டியில் ஆயில் தீய்ந்திருக்கிறது என்றால் உள்ளே பிளேட்டுகள் ஏற்கெனவே கருகிவிட்டன. அதன்மேல் புது கன்வெர்ட்டரைப் போட்டால், அது இன்னும் அழுத்தமாகப் பிடித்து, கருகினதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். பெட்டியை முழுதாக இறக்கு. கூடுதல் பிளேட்டு வைக்கிற செட் கிடைக்கிறது, அதைப் போடு. என்ஜின் பக்கமிருந்து பெட்டிக்குள் வரும் தண்டைக் கெட்டி இரும்பில் மாற்று. ஆயிலைப் பங்கிட்டு அனுப்புகிற வால்வு பாடியில் அழுத்தத்தைக் கூட்டு, அதற்குத் தகுந்தாற்போல் கம்ப்யூட்டரிலும் சரிசெய்யச் சொல். ஆயிலை ஆற்றுகிற பழைய கூலரைக் கழுவிப் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. கருகின பொடி அதன் இண்டு இடுக்கெல்லாம் ஒளிந்திருக்கும், புதுப் பெட்டியைப் பத்து நாளில் கொன்றுவிடும். தனி விசிறி வைத்த பெரிய கூலராக வை, ஆயில் சூடு காட்டுகிற மீட்டர் ஒன்றைக் கண்ணுக்கு நேரே வை. இதெல்லாம் செய்ய எத்தனை வாரமானாலும் ஆகட்டும். அதுவரை அந்த வண்டியில் என் மருமகளும் பேத்தியும் ஏறக்கூடாது. வெள்ளிக்கிழமைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறாய். எனக்கு அன்றைக்குப் பெருநாள், உனக்கு வெள்ளிக்கிழமை. பேத்தி அழுவாள், அழட்டும். நீ இதில் பிடிவாதம் பிடித்தால் நான் விமானம் ஏறி வந்து சாவியைப் பிடுங்குவேன். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அதனால் வேறு ஆளை அனுப்புவேன்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். உன் கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை காருக்கு டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை என்று எல்லோரும் பரபரத்துக்கொண்டிருந்தபோது, ஜாபர் வந்து நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, "சாவி குடு தம்பி, நான் ஓட்டறேன்" என்றான். வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசியிருந்தான். நீ சிரித்துக்கொண்டே, "வேணாம் மாமா, நீங்க எங்கியாச்சும் நியூட்ரல்ல உட்ருவீங்க. மாப்ள மண்டபத்துக்குப் போவோணும்" என்றாய். பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் மகன் என் பொய்யைச் சொல்லி ஒருவனைச் சிரிக்க வைக்கிறான் என்று தெரிந்தும், போய் உன் வாயைப் பொத்தவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். உன்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அந்தக் கேலியை உன் கையில் கொடுத்தவன் நான்.

உன் செய்தி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, பட்டறையைப் பூட்டிவிட்டு கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினேன். விபத்துக்குப் பிறகு யாரும் ஜாபருக்கு வண்டி கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அங்கே ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டு, வருகிற லாரிக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டு இருக்கிறான். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். "என்னாங்க மச்சான், அக்காவுக்கு ஒண்ணுமில்லியே? வூட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" எடை மேடைப் பக்கத்தில் ஒரு பலகை கிடந்தது, அதில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை. ஸ்லீவை மாற்றவில்லை என்றேன், தீட்டிப் போட்டேன் என்றேன், பிறகு பிரித்துப் பார்த்தேன், ஒளித்தேன் என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

கியர் போடுகிற தன் இடது கையை அவன் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் போடலீங்களா மச்சான்?" என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை. அவனுக்குத் தெரியாதா? அவன்தானே ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னான்? "நீ போடலடா. நீதான சொன்ன" என்றேன்.

"சொன்னேங்க. ரெண்டு மூணு வருசம் சொல்லிப் பாத்தேன். ஆரும் நம்பல. நீங்களே பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பழைய பழக்கத்துல கையி தானா போட்டுருச்சோன்னு. போவப் போவ போட்ட மாதிரியே ஞாபகம் வருதுங்க மச்சான். கண்ண மூடுனா என் கையி லீவரத் தள்றது தெரியும். ஆரும் வண்டி தரலன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். என் கைய நானே நம்பல. தம்பி கல்யாணத்துக்குத்தான் மனசத் தேத்திக்கிட்டு வந்து சாவி கேட்டேன்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. எழுந்து நின்று, "எந்திரிங்க, போங்க" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசிய ஒரே பேச்சு அதுதான். கேட் வரை வந்துவிட்டேன், பின்னாலிருந்து கூப்பிட்டான். "என்கிட்டச் சொன்னது பத்தாது. எல்லாத்துக்கும் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க." சரி என்றேன். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். இன்றோடு மூன்று நாள், அவள் என்னிடம் பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். சொன்ன அன்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள், "எங்கம்மா சாவற வரைக்கும் அவனத் திட்டிக்கிட்டே செத்துச்சே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?" வயதாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிற வழி ஒன்று இருக்கிறது. அதை நான் எடுக்கப்போவதில்லை. நான் நல்ல அத்தாவாக இருந்தேனா என்று நீ இனி யோசித்துப் பார்ப்பாய். யோசி. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யோசி.

ஜாபர் சொன்னபடி இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் குழுவிலும், தருமபுரி லாரிக்காரர்கள் குழுவிலும் நாளைக் காலை போடப்போகிறேன். ஒரு வார்த்தை குறைக்காமல் போடுவேன். பட்டறைக்கு யாராவது வருவதும் வராததும் அவரவர் பாடு. உனக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாக அனுப்புகிறேன். மாமாவின் நம்பர் உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் வாங்கிக்கொள், உன்னிடம் அவள் பேசுவாள். எனக்கு நீ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, அல்லது கொஞ்ச நாள் கூப்பிடாமல் இரு. ஆனால் அவனை இன்றைக்கே கூப்பிடு. நாளைக்குக் கடிதத்தைப் படித்துவிட்டு ஊரே கூப்பிடும். அதற்கு முன்னால் நீ கூப்பிட்டுவிடு, கண்ணு.

அத்தா